19 நாள் குழந்தை பால் கக்குகிறது: எது இயல்பு, எப்போது ஓட வேண்டும்?

குடியாத்தத்தில் தாய்வீட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். குழந்தை பிறந்து 19 நாள். பிறந்தபோது எடை 2.8 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறீர்கள். குடித்து முடித்ததும் கடைவாயில் வழிகிறது. அரை மணி நேரம் கழித்துத் திரிந்த பாலாக வருகிறது. இரண்டு முறை மூக்கிலும் வந்துவிட்டது. ‘உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாப் பால் வாங்கு’ என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில், ஊதியும் வயிற்றை அமுக்கி வழித்தும் செய்கிற தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள். இது சாதாரணம்தானா, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கேள்வி. எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது, அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது: என் பாலில்தான் குறையா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அம்மா. பால் கக்குவதை வைத்து எந்தத் தாயின் பாலையும் குறை சொல்ல முடியாது. டப்பாப் பால் குடிக்கும் குழந்தையும் கக்குகிறது. இந்த ஒரு காரணத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

நான் வேலூர் மாவட்டத்தில் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும், பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் அல்ல. உங்கள் குழந்தையை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தது இது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உள்ளே போன பாலை மேலே வரவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பிறந்த குழந்தைக்கு அது இன்னும் முதிரவில்லை. அடிக்கடி தானாகவே தளர்ந்துவிடும். இரைப்பையோ மிகச் சிறியது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிச் சீம்பால்தான் உள்ளே போகும். இதற்கு மேல், குழந்தை குடிப்பது முழுக்கத் திரவம், இருப்பது பெரும்பாலும் படுத்த நிலையில். பால் மேலே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது கக்குகின்றன. நான்காவது மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். உட்காரத் தொடங்கிய பிறகு குறையும். ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். ஆக, அடுத்த மாதம் உங்கள் குழந்தை இப்போதைவிட அதிகமாகக் கக்கலாம். அப்போது பயப்படக் கூடாது என்பதற்காக இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

திரிந்து வருவது இரைப்பையின் அமிலம் பாலில் கலந்ததால். பால் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. மூக்கில் வருவதும் அப்படித்தான்: மூக்கும் வாயும் பின்னால் தொண்டையில் ஒன்றுசேர்கின்றன, வேகமாக வரும் பால் இரண்டு வழியிலும் வெளியேறும். குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்லிய துணியால் வெளியே வந்ததை மட்டும் துடையுங்கள். மூக்கை ஊதுவது, விரலை விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம். ஒரு தும்மலில் குழந்தையே சரிசெய்துகொள்ளும்.

‘குடித்தது முழுவதும் வெளியே வந்துவிட்டது’ என்று அழுதுகொண்டு வரும் தாய்மார்களிடம் நான் ஒரு காரியம் செய்யச் சொல்வதுண்டு. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்து, அதன் மேல் ஒரு தேக்கரண்டிப் பால் ஊற்றுங்கள். 5 மில்லிதான். அது பரவிப் பரவி உள்ளங்கைக்கு மேல் அகலமாக நிற்கும். அந்த ஈரத்தை உங்கள் தோள் துணியில் பார்த்திருந்தால் ஒரு வேளைப் பாலும் போய்விட்டதாகத்தான் நினைத்திருப்பீர்கள். மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பத்து வார்த்தை பேசுவதைவிட அந்தத் துணி நன்றாகப் பேசும்.

அதனால்தான், எவ்வளவு வெளியே வந்தது என்பதைவிட, கக்கிய பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். கக்கிவிட்டுக் கைகாலை ஆட்டிக்கொண்டு விழித்திருக்கிறதா, அடுத்த வேளைப் பாலுக்கு ஆசையாகத் தேடுகிறதா? ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் சிறுநீர் போகிறதா? எடை ஏறுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், ஒரு நாளில் பத்துத் துணி நனைந்தாலும் அது துவைக்கிற வேலைதான், நோய் இல்லை.

எடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் பிறந்த எடை இருக்கிறது, இன்றைய எடை இல்லை. எல்லாக் குழந்தையும் முதல் சில நாட்களில் எடை குறையும். பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வீதம் ஏறும். அந்தக் கணக்கில் உங்கள் குழந்தை இப்போது 2.8-ஐத் தாண்டி, 2.9 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 2.8-க்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தால், கக்கல் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். சுகாதார நிலையத்தில் எல்லோரும் இருப்பார்கள். தாய் சேய் நல அட்டையோடு போய், துணியெல்லாம் எடுத்துவிட்டு நிறுத்துப் பார்க்கச் சொல்லி, எண்ணையும் தேதியையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறையும் அதே தராசில் நிறுங்கள். தராசுக்குத் தராசு நூறு கிராம் மாறும். அந்த நூறு கிராமில் ஒரு வீடே கலங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, காத்திருக்கவே கூடாதவை. முதலாவது பச்சை நிறம். குழந்தை எடுக்கும் வாந்தி பச்சையாக இருந்தால், ஒரே ஒரு தடவையானாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். பச்சை என்பது பித்தநீர். நம் பக்கத்து வீடுகளில் ‘பித்தம்தான், உரைமருந்து இழைத்துக் கொடு, சரியாகிவிடும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பித்தநீர் கலப்பது இரைப்பையைத் தாண்டிய இடத்தில். அது மேலே வருகிறது என்றால், கீழே குடலில் எங்கோ வழி அடைபட்டிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே குடல் தன் இடத்தில் சரியாகப் படிந்திருக்காது. பிறந்த பிறகு, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், அது முறுக்கிக்கொள்ளும்; குடலுக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். காப்பாற்றக் கிடைப்பது சில மணி நேரம்தான். பச்சையாக வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் இது இருக்காது. பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள் நிறைய. அதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும், வீட்டில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் சீம்பாலே மஞ்சளாக இருக்கும், அது வேறு. உங்கள் குழந்தை அந்த நாட்களைத் தாண்டிவிட்டது; இனி அடர் மஞ்சளாகத் திரும்பத் திரும்ப வந்தாலும் அன்றே காட்டுங்கள். வரும்போது அந்தத் துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.

இரண்டாவது, வழிவதாக இல்லாமல் பீறிட்டு அடிப்பது. எப்போதாவது ஒரு முறை வேகமாக வருவதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும், நாளுக்கு நாள் அதிகமாக, இரண்டடி தூரம் தள்ளிப்போய் விழுகிற வாந்தி. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆண் குழந்தை நினைவுக்கு வருகிறது. தலைப்பிள்ளை, ஒரு மாதத்துக்குச் சற்று மேல். பாலை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தார்கள், தொக்கமும் எடுத்திருந்தார்கள். நெற்றியில் கிழவருக்கு விழுவதுபோல் சுருக்கம், தொடையில் தோல் தொளதொளவென்று மடிந்திருந்தது. ஆனால் வாந்தி எடுத்த மறு நிமிடமே வாயைத் திறந்து பாலுக்குத் தேடினான். அந்தப் பசிதான் எங்களுக்குக் குறிப்புக் கொடுத்தது. கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு, வயிற்றில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தோம். தோலுக்கு அடியில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக ஒரு மேடு மெல்ல நகர்ந்து போனது. அது போய் நின்றதும் வாந்தி. இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்துப்போய்ப் பாலைக் கீழே விடாமல் அடைக்கிற நோய் அது. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை வரும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். ஸ்கேனில் தெரிந்துவிடும். ட்ரிப் ஏற்றி உடலின் நீரையும் உப்பையும் சரிசெய்துவிட்டு, தடித்த தசையைக் கீறிவிடுவார்கள். 1912-இல் ராம்ஸ்டெட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த அதே முறைதான் இன்றும். முழுமையாகக் குணமாகும். உங்கள் குழந்தை இப்போதுதான் அந்த வயதுக்குள் வந்திருக்கிறது, ஆகவே எட்டு வாரம் முடியும்வரை இதை மனதில் வைத்திருங்கள்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் அதில் வாந்தி பெரிதாகவே தெரியாது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று குடிக்க மறுக்கும், தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடக்கும், முனகும், மூச்சு வேகமாக வாங்கும், விலா எலும்புக்குக் கீழே குழி விழும். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் பச்சைக்குழந்தைக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சல் போனால் உடனே வாருங்கள். காய்ச்சலே இல்லாமல் உடம்பும் கைகாலும் சில்லிட்டுப்போனாலும் அதே அவசரம்தான். இதைப் பல வீடுகளில் கவனிப்பதில்லை. வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, மலம் போகாமல் வாந்தி எடுப்பது, உச்சிக்குழி புடைத்தோ உள்வாங்கியோ இருப்பது, எட்டு மணி நேரமாகத் துணி நனையாமல் இருப்பது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் இவையும் இந்தக் கணக்கில்தான். ரத்தம் என்றால் உங்கள் மார்புக் காம்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ரத்தத்தைக் குழந்தை குடித்துக் கக்கியிருக்கலாம், அதனால் தீங்கில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடித்திருந்தால், அல்லது முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் சில வாரங்களில் இறந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள். பாலில் உள்ள சத்தை உடலால் கையாள முடியாத சில பரம்பரைக் குறைபாடுகள், உடலில் உப்பு தங்காத ஒரு சுரப்பிக் குறைபாடு ஆகியவை முதல் சில வாரங்களில் வாந்தியும் சோர்வுமாகத்தான் தலைகாட்டும். அரிதானவைதான். ஆனால் அந்த ஒரு தகவல் மருத்துவரைச் சரியான ரத்தப் பரிசோதனைக்கு நேராகக் கொண்டுபோய்விடும். யாரையும் குற்றம் சொல்வதற்காக அதைக் கேட்பதில்லை.

தொக்கம் பற்றிக் கேட்டீர்கள். மாமியார் காலத்தில் பக்கத்தில் மருத்துவர் கிடையாது, அவர்களுக்குக் கிடைத்ததைச் செய்தார்கள். அவர் குழந்தையின் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஊதுவதிலும் வயிற்றை அமுக்கி வழிப்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை: வேண்டாம். சாதாரணக் கக்கலுக்கு அது தேவையே இல்லை. குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலோ அது ஆபத்து, நேரமும் போய்விடும். உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் இந்த வயதில் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும். வேலூர் வெயிலைப் பார்த்து ‘நாக்கு வறண்டிருக்கும், இரண்டு சங்குத் தண்ணீராவது கொடு’ என்பார்கள். அக்னி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தாகமாக இருந்தால் குழந்தை அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தேவைப்படுவது உங்களுக்கு. பத்தியம் என்று உங்களுக்குத் தண்ணீரைக் குறைத்தால் கேட்காதீர்கள்.

குளிப்பாட்டுவதைப் பால் கொடுப்பதற்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த குழந்தையைக் காலில் போட்டு உருட்டிக் குளிப்பாட்டினால் கக்காமல் என்ன செய்யும்? மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது இரண்டையும் அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால் நிமோனியா வரும். குடித்தவுடன் தூளியில் போடாதீர்கள், சுருண்டு படுக்கும்போது வயிறு அழுந்துகிறது. இருபது முப்பது நிமிடம் தோளில் சாய்த்து நிமிர்ந்தபடி வைத்திருந்துவிட்டு, தட்டையான விரிப்பில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று பயப்படுவது இயல்பு. உண்மையில் அந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், பால் மேலேறி அதற்குள் போவது கடினம். குப்புறப் போடுவதில்தான் தூக்கத்திலேயே மூச்சு நிற்கும் ஆபத்து அதிகம். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துவதாலும் பயனில்லை.

முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பதை நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அது கக்கலைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சண்டிகரில் தாய்மார்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், ஏப்பம் விடவைத்த குழந்தைகள்தான் கூடுதலாகக் கக்கின. அது சிறிய ஆய்வு; அதை வைத்து நிறுத்திவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். மெதுவாகத் தடவிக்கொடுத்து ஏப்பம் வந்தால் சரி, வராவிட்டால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காயும் மாம்பழமும் காரணமா என்பதிலும் இப்படித்தான், பெரும்பாலும் இல்லை. சிறு பங்குக் குழந்தைகளுக்கு மட்டும் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்வதில்லை, தாய் குடிக்கும் பால் வழியாகவும் அது போகும். அப்போது மலத்தில் சளியும் ரத்தத் துளிகளும், தோலில் தடிப்பும் சேர்ந்து வரும். அது இல்லாமல் நீங்களாகப் பத்தியத்தைக் கூட்டாதீர்கள். கடையில் கேட்டு வாந்தி நிறுத்தும் சொட்டு மருந்தும் வாங்காதீர்கள். நன்றாக வளரும் குழந்தைக்கு அதனால் பயனில்லை, அந்த வகை மருந்துகளில் சில இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியவை.

நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால், பச்சை இல்லை, பீறிடல் இல்லை, சோர்வு பற்றி எதுவும் இல்லை. எடை மட்டும் தெரியவில்லை. இந்தப் புதன்கிழமை நிறுத்துப் பாருங்கள். அதற்கிடையில் நான் மேலே சொன்ன அவசரங்களில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. குழந்தை மூச்சடைத்து நீலம் பாய்ந்தால், வண்டி வரும்வரை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பச்சை வாந்தி என்றால் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதி உள்ள இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லி வண்டியில் இருப்பவரிடம் கேளுங்கள். குடியாத்தத்திலிருந்து வேலூர் ஒரு மணி நேரம். இதைப் படிக்கும் ஜவ்வாதுமலைக் கிராமத்துக்காரர்கள் யாராவது இருந்தால், மலையிறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்து, சந்தேகம் வந்தவுடனே புறப்படுங்கள். மருத்துவரிடம் போகும்போது, எத்தனை நாளாக, குடித்து எவ்வளவு நேரத்தில், என்ன நிறத்தில் வருகிறது, கடைசியாக எப்போது சிறுநீரும் மலமும் போனது, பிறந்த முதல் நாளிலேயே கருமலம் போனதா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். புதன்கிழமை எடையை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.